பதினாறு ஆம்பியர் என்று நான் எழுதியது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ, உன் மனைவி, குழந்தை மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, இப்போது பேப்பரைக் கை நீட்டிப் பிடிக்காமலே படிக்கிறார், படித்துவிட்டு எனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார், அதுதான் தொல்லை. என் முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. குளியலறைச் சுவரில் ஊறிக்கொண்டிருந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிளம்பர் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார், மேல்வீட்டுக்காரர் இத்தனை நாளாக எங்கள் குழாய் இல்லை என்று சாதித்தாரே, கடைசியில் அவர் குழாய்தான். குழந்தைக்கு மறுபடியும் காதுவலி என்று உன் மனைவி சொன்னாள். குளிப்பாட்டிய பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும், குச்சி எதையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ போன் செய்தும் நான் பேசவில்லை. அப்பா எடுத்து ஒருமுறை அம்மா குளிக்கிறாள் என்றார், ஒருமுறை தூங்குகிறாள் என்றார், மூன்றாவது முறை கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். நான் எங்கேயும் போகவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வது அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது, பொய் சொன்னால் வரும் இருமல்கூட வரவில்லை. போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ சமாதானம் சொல்ல ஆரம்பிப்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி, வரிசையாக எழுதுகிறேன். உன் மனைவிக்கு இதில் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவளும் படிக்கட்டும், அவளுக்கும் புரியும்படியே எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் என்னோடு இருப்பவர், நம் வண்டியின் உடன்பிறப்பு மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார், அதே கம்பெனி, அதே மாடல், நம்முடையதைவிட இரண்டு வயது இளையது. எப்போதும் அந்த வண்டியில்தான் வருவார், அன்றைக்கு டாக்ஸியில் வந்தார். கூடவே அவர் மனைவி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அந்த அம்மா உட்கார்ந்ததும் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இவர் ஓட்டுற லட்சணத்துக்குக் கையோட போச்சேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. பையிலிருந்து எங்கள் சங்கத்துக் காலாண்டிதழை எடுத்து, நான் எழுதிய கட்டுரை இருக்கும் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். "உங்க கட்டுரையைப் படிச்சுத்தாம்மா நான் டைனமோ பிரஷ்ஷை ஏத்தினேன். உங்க பேர் போட்டிருந்துச்சு, அதனால ரெண்டாவது தடவை யோசிக்கல" என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. பல்லைப் பிடுங்குமுன் வலிக்காது என்று சொல்வார்களே, அந்தக் குரல்.

நடந்தது இதுதான். மலைமேல் இருக்கும் தங்கை வீட்டுக்கு இருவரும் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல வெயில், பகல் முழுக்க ஓட்டம், விளக்கே போடவில்லை. கரண்ட் அளவு காட்டும் ஆம்ப் மீட்டர் முள் நான் எழுதியபடி பதினாறில் ஏறி நின்றது, நின்றது நின்றபடியே இருந்தது. ஏதோ புளித்த நெடி வருகிறது என்று அந்த அம்மா இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். வெளியே ஏதாவது தொழிற்சாலையாக இருக்கும் என்றாராம் டாக்டர். பேட்டரி காலுக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு வளைவுக்கு முன்னால் முன்விளக்கைப் போட்டிருக்கிறார். "ஒரு நொடி பட்டப்பகல் மாதிரி அடிச்சுதும்மா, அப்புறம் ஒண்ணுமே இல்ல" என்றார். பேட்டரி வற்றிப்போன பிறகு டைனமோவின் முழு வேகமும் பல்புகளில் இறங்கியிருக்கிறது, முன்னும் பின்னும் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. முன்சக்கரம் ஓடையில் இறங்கியது. அந்த அம்மா டாஷ்போர்டில் கையை ஊன்றினார். பிறகு டைனமோவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈயம் உருகித் தெறித்துச் சுவரெல்லாம் ஒட்டியிருந்ததாம். "நான் எங்க தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சா போதும். உங்க வண்டியை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டார்.

நான் தெம்பாகத்தான் எழுந்தேன். அவர் எதையோ சரியாகப் படிக்கவில்லை என்றுதான் நினைத்தேன், பாவம் என்றுகூட நினைத்தேன். ஷெட்டைத் திறந்து வண்டியை எடுத்தேன். முள் பதினாறுக்குப் போனது, கொஞ்ச நேரத்தில் மெதுவாக இறங்கி மூன்றில் வந்து நின்றது. "என்னுது இறங்கவே இல்லையே" என்றார் டாக்டர். நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன், பேட்டரி நிறைந்துவிட்டால் அதுவே தானாக மறுத்துவிடும் என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேட்டரி மறுக்கறது சரிம்மா, டைனமோ அதை எப்படிக் கேட்டுக்குது?" என்றார். என் பத்திரிகை வேலையில் எத்தனை மந்திரிகளிடம், எத்தனை அதிகாரிகளிடம் இந்த மாதிரி ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்டு அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டு ஷெட்டில் நான் அப்படி நின்றேன்.

உன் மனைவிக்காக இங்கே கொஞ்சம் விளக்குகிறேன். அந்தக் காலத்து டைனமோவுக்குள் மூன்று கரித்துண்டுகள், பிரஷ் என்போம், சுழலும் செப்புத் தண்டின்மேல் உரசிக்கொண்டிருக்கும். இரண்டு அசையாது. மூன்றாவதைத் திருகைத் தளர்த்தி நகர்த்தலாம். தண்டு சுழலும் பக்கம் தள்ளினால் கரண்ட் கூடும், எதிர்ப்பக்கம் தள்ளினால் குறையும். அவ்வளவுதான் கட்டுப்பாடு. பேட்டரி பசியாக இருக்கிறதா வயிறு நிறைந்திருக்கிறதா என்று அந்த டைனமோவுக்குத் தெரியாது, ஊட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் தூரம் போனால் நான் எட்டில் வைப்பேன், விளக்கோடு போக வேண்டியிருந்தால் பன்னிரண்டுக்கு ஏற்றுவேன், திரும்பி வந்ததும் இறக்குவேன். வாராவாரம் பேட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பேன். டைனமோவின் தலைமேல் கட்-அவுட் என்று ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும், இன்ஜின் நின்றதும் பேட்டரிக் கரண்ட் திரும்பி ஓடிவிடாமல் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. அதைத் திறக்க வேண்டிய அவசியம் வருவதே இல்லை.

அதைத்தான் டாக்டர் பார்த்தார். மூடியின் இரண்டு திருகுகளும் புதியவை, மற்றதெல்லாம் மங்கிக் கிடக்க அவை மட்டும் பளிச்சென்று இருந்தன. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. திறந்தோம். செப்புக்கம்பிச் சுருளும் ஒரு தொடுமுனையும் இருக்க வேண்டிய இடத்தில், பிஸ்கட் அளவில், மேலே கறுப்பு மெழுகு மாதிரி எதையோ ஊற்றி உறைய வைத்த ஒரு மின்னணுச் சில்லு உட்கார்ந்திருந்தது. பேட்டரி நிறைந்ததும் டைனமோவை அடக்குகிற ரெகுலேட்டர். அப்பா அந்த நேரத்தில் தட்டில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். இது என்ன என்று கேட்டேன். அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும், அவன்கிட்டயே கேட்டுக்கோ" என்றார். நான் யார் பெயரையும் சொல்லவே இல்லை.

போன வருடத்துக்கு முந்தைய கோடையில் நான் நெடுஞ்சாலையில் பேட்டரி கொதித்து நின்றதும், மூடியைத் திறக்கும்போது கையில் ஆசிட் தெறித்ததும் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் உன் போனென்றால் ஒரே பாட்டுதான். "வித்துடும்மா. இல்லன்னா ஷெட்ல போட்டுப் பூட்டு. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது." ஒருமுறை இந்த ரெகுலேட்டரைப் பற்றியும் நீ சொன்னாய், யாருக்கும் தெரியாமல் டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று. நான் வேண்டாம் என்றேன். வண்டி கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்கட்டும், அதைக் கவனித்துக்கொள்வதுதான் எனக்கு அதில் பிடித்த வேலை என்றேன். நீ சரி என்றாய். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விற்கிற பேச்சே எடுக்காமல், "ஆம்ப் மீட்டர் என்னம்மா காட்டுது?" என்று கேட்டாய். நான் அடுப்படியில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தேன். போனை வைத்ததும் அப்பாவிடம் போய், பையன் வழிக்கு வந்துட்டான் என்று சொன்னேன். அவர் "ம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். அந்த "ம்" என்னவென்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டபடி, அந்தச் சில்லை நீ அங்கே வாங்கி, எனக்கு அனுப்பிய சாம்பல் நிற ஸ்வெட்டருக்குள் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாய். அப்பாதான் பார்சலைப் பிரித்தார், ஸ்வெட்டரை மட்டும் என்னிடம் கொடுத்தார். அளவு சரியாக இருக்கிறது, அம்மா தோளை மறக்கவில்லை என்று நான் உனக்குப் போன் செய்து சொன்னேன். பிரஷ் தேய்ந்துவிட்டது மாற்ற வேண்டும் என்று நம் வண்டி எலக்ட்ரீஷியன் கரண்ட்டு மாமா வண்டியைத் தன் கடைக்கு வாங்கிப்போய் இதைப் பொருத்தியிருக்கிறார், உனக்குப் போட்டோவும் அனுப்பியிருக்கிறார். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவர், நீ சின்ன வயதில் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பல்பு எரியவிட்டு விளையாடியதால் உனக்கு மாமா. ஆக மூன்று பேர். நான் சேர்ந்திருந்தால் நாலு பேர் ஆகியிருப்போம்.

அப்புறம் நீ என்னை வைத்து நடத்தினாயே ஒரு பாடம், அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. பிரஷ்ஷை ஏற்றி வைத்தால்தான் அந்தச் சில்லு ஒழுங்காக வேலை செய்யுமாம். அதை உனக்கு மாமா சொல்லியிருக்கிறார். எனக்கு யாரும் சொல்லாமல் என் கையாலேயே ஏற்ற வைக்க வேண்டும், எனக்கும் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி இருக்க வேண்டும். வாராவாரம் கேட்பாய். "எட்டுல இருக்கா? பத்துக்கு ஏத்திப் பாரும்மா, ஒண்ணும் ஆகாது." அடுத்த வாரம், "தண்ணி குறையலயா? அப்போ இன்னும் கொஞ்சம் தள்ளலாம்மா." நானும் ஒரு தலைமுடி அளவு, இரண்டு தலைமுடி அளவு என்று நகர்த்தி, வண்டியை ஓட்டி, முள்ளைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பேன். கல்லூரிக்குப் போனதிலிருந்து நீ என்னோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. மற்ற தாய்மார்கள் பிள்ளை என்ன சாப்பிட்டான் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள், நமக்குப் பேச ஒரு விஷயம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு நிஜம். உனக்கு, வண்டிக்குள் இருக்கும் உன் சில்லு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற வழி.

முள் இறங்குவதை நான் கவனிக்காமல் இல்லை. முதல் மாதமே கவனித்தேன். பதினாறு காட்டுகிற முள் ஏன் மூன்றுக்கு இறங்குகிறது என்று உன்னைக் கேட்டேன். "புது பேட்டரிம்மா. நிறைஞ்சதும் தானா மறுத்துடும்" என்றாய். நான் எந்தக் காலத்திலும் ஒருவர் வாயிலிருந்து வந்ததை மட்டும் நம்பி அச்சுக்குக் கொடுத்ததில்லை என்று உனக்குத் தெரியும். இரண்டாவது ஆளிடம் கேட்க வேண்டும், அந்த ஆளுக்கும் முதல் ஆளுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. அதனால் மறுநாளே கரண்ட்டு மாமா கடைக்குப் போய், நீ சொன்னதைச் சொல்லாமல், கேள்வியை மட்டும் கேட்டேன். "பேட்டரி நிறைஞ்சா அது தானா மறுத்துடும்க்கா" என்றார். நீ சொன்ன அதே வார்த்தை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, உறுதியாகிவிட்டது என்று. இத்தனை வருடத் தொழிலில் இரண்டு பேர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் முதலில் எனக்குச் சந்தேகம்தான் வரும், பேசி வைத்துக்கொண்டார்களா என்று பார்ப்பேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் நான் பெற்றவன், இன்னொருவர் கூடப் பிறக்காத தம்பி. என் தொழிலின் வழக்கத்தை வைத்தே என்னை ஏமாற்றினீர்கள், அதுவும் வேண்டுமென்று யோசித்துச் செய்ததில்லை, சும்மா ஒரே பொய்யை இரண்டு பேரும் சொன்னீர்கள், அது போதுமாக இருந்தது.

இவ்வளவையும் நான் தாங்கிக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கோபப்பட்டிருப்பேன், சில்லைக் கழற்றி எறிந்திருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் பையன் பயந்துதானே செய்தான் என்று மனசு இளகியிருக்கும். ஆனால் நான் கட்டுரை எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, ஒரு பல்பு போகவில்லை, கோடையிலும் குளிரிலும் பிரஷ்ஷைத் தொடவில்லை, பதினாறில் வைத்து விட்டுவிடலாம், பழைய பயம் தேவையில்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் சங்கத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் உனக்குத்தான் போனில் முழுவதும் படித்துக் காட்டினேன். நினைவிருக்கிறதா? பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது, நீ அதட்டிவிட்டு வந்து, "படிம்மா, கேக்குறேன்" என்றாய். முடித்தபோது நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "நல்லா வந்திருக்கும்மா. அனுப்பிடு" என்றாய். உன்னை நான் கேட்பது இந்த ஒரு இடத்தைப் பற்றித்தான். அம்மாவைக் காப்பாற்ற ஒரு சில்லை ஒளித்து வைத்தாய், சரி. இது அச்சில் வந்தால் சில்லு இல்லாத வண்டிக்காரன் ஒருவன் பதினாறில் வைப்பான் என்று, மின்சாரம் படித்த உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே அந்தக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய்?

மாமா கடைக்கும் போனேன். வாசலில் பழைய டயர்கள், உள்ளே பெஞ்சு முழுக்க ஸ்டார்ட்டர் மோட்டார்கள், எதுவும் மாறவில்லை, ஒன்றைத் தவிர. சுவரில் என் கட்டுரையை வெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டியிருக்கிறார், நம் எலக்ட்ரீஷியனுக்கு நன்றி என்று நான் எழுதிய வரிக்குக் கீழே சிவப்பில் கோடு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, தம்பி அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டுக் கெஞ்சுறப்போ நான் மாட்டேன்னா சொல்ல முடியும்? ஒரு வருஷமா வண்டி நிக்காம ஓடுதா இல்லையா, அதைப் பாருங்க" என்றார். கட்டுரை பொய் என்று தெரிந்தும் ஏன் மாட்டினாய் என்று கேட்டேன். "நம்மளைப் பத்தி யாருக்கா எழுதுறாங்க?" என்றார். வெட்கப்படவில்லை, உண்மையைச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பு வரவில்லை. பழைய கட்-அவுட்டைக் கேட்டேன், அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார், பத்திரமாகத்தான் வைத்திருந்தார். சுவரிலிருந்து கட்டுரையையும் கழற்றச் சொன்னேன். அதைக் கழற்றும்போதுதான் அவர் முகம் வாடியது.

சில்லைக் கழற்றியாகிவிட்டது. பல் டாக்டரே உடன் இருந்து பழைய கட்-அவுட்டின் தொடுமுனையை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தினார், பல் தேய்க்கிற கைதானே, சுத்தமாகச் செய்தார். பிரஷ்ஷை ஒன்பதுக்கு இறக்கிவிட்டேன். முள் இப்போது இறங்குவதில்லை, வைத்த இடத்தில் நிற்கிறது. பேட்டரிக்கு மறுபடியும் வாராவாரம் தண்ணீர் பார்க்கிறேன், கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நீ பயப்பட வேண்டாம். அப்பா வண்டியில் ஏறுகிறார், ஆனால் முன்னால் உட்காருவதில்லை, பின்சீட்டில் ஒரு ஓரமாக, டாக்ஸியில் போகிறவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார். நேற்று சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, "அவன் உன்மேல இருக்கற பாசத்துலதான் செஞ்சான்" என்றார். பாசம் இருக்கிறவர்கள் கேட்டால் உண்மை சொல்வார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், பேச்சு அதோடு நின்றது. வயதான மனுஷர், அவரோடு நான் தினமும் சாப்பிட வேண்டும், அதனால் அவரை ரொம்பவும் நெருக்கவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னிடம் கேட்கலாம்.

இப்போது விஷயம் என்னவென்றால், அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும். கட்டுரையைப் படித்துப் பதினாறில் வைத்ததாக எனக்கு எழுதியவர்கள், சொன்னவர்கள் எல்லோரையும் நானே போனில் கூப்பிட்டு இறக்கச் சொல்லிவிட்டேன். ஒருவரை மட்டும் பிடிக்க முடியவில்லை. வேறு ஊரில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர், பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுகிறவர், போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ. சங்கச் செயலாளர் நல்லவர், எனக்கு உதவுவதாக நினைத்து, "அச்சுப் பிழைன்னு போட்டுடலாம்மா. பதினாறுங்கறதைப் பத்துன்னு படிச்சுக்கவும், முடிஞ்சுது. உங்க பேரும் கெடாது" என்றார். அச்சுப் பிழை என்றால் இதழுக்குப் பக்கம் வடிவமைத்த பெண்ணின் தலையில் விழும், அவள் நான் எழுதியதை எழுத்து மாறாமல்தான் போட்டாள். அதைவிட, காரணம் சொல்லாத திருத்தத்தை யாரும் நம்ப மாட்டார்கள். என் வண்டி ஒரு வருடம் தண்ணீர் கேட்காமல் ஓடியதை நேரில் பார்த்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். ஏன் அப்படி ஓடியது என்று சொன்னால்தான் பிரஷ்ஷை இறக்குவார்கள். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "குடும்ப விஷயத்தைப் போய் யாராவது அச்சுல போடுவாங்களா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். சிரிக்கட்டும். ஒரு அம்மாவின் கை ஏற்கெனவே உடைந்திருக்கிறது.

நான் எழுதி வைத்திருப்பது இது: "சென்ற இதழில், மூன்றாவது பிரஷ்ஷைப் பதினாறு ஆம்பியரில் வைத்து விட்டுவிடலாம் என்று நான் எழுதியது தவறு, ஆபத்தானது. அப்படி வைத்திருப்பவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன் உடனே இறக்க வேண்டும். என் வண்டியின் கட்-அவுட் டப்பாவுக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு ரெகுலேட்டர் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர்கள் என் வீட்டார். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அவர்களில் ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் சொல்லவில்லை. இதனால் ஒரு உறுப்பினர் குடும்பத்துக்குக் காயம் ஏற்பட்டது. அவர்களிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." உன் பெயர் இல்லை, மகன் என்றுகூட இல்லை. பல் டாக்டரும் அவர் மனைவியும் படித்தார்கள். அந்த அம்மா, வீட்டார் என்கிற வரியையாவது எடுத்துவிடுங்கள் என்று இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எடுக்கவில்லை.

"அவர் சொல்லவில்லை" என்பதற்குப் பிறகு ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் தரப்பையும் கேட்டுப் போட வேண்டும், அந்த வரி உன்னுடையது. ஏன் சொல்லவில்லை என்று நீயே எழுதி அனுப்பு. பயந்தேன் என்றாலும் சரி, யோசிக்கவில்லை என்றாலும் சரி, அம்மா சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள், கெடுக்க மனசு வரவில்லை என்றாலும் சரி, நீ எழுதுவதை ஒரு எழுத்து மாற்றாமல் போடுவேன். அப்பாவைக் கேட்டு எழுதாதே, மாமாவைக் கேட்டு எழுதாதே. ஒரே ஒரு வரி, நீயாக. எனக்கு நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நிஜமாகவே தெரியவில்லை, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. குழந்தைக்கு ஆயிரம் முத்தம், உன் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்க எதுவும் இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன், இதழ் அடுத்த மாதம் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது, பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பேன். வரவில்லை என்றால் அந்த இடத்தில், கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்று போட்டு அனுப்பிவிடுவேன். அதை என் கையால் எழுத வைத்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா